தாஸ்கா மூடும் அந்தப் பத்து நாள்: பெற்றோரும் பிள்ளை பார்க்கும் அக்காவும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பினாங்கில், தாஸ்கா என்று நாம் சொல்லும் பிள்ளைக் காப்பகங்களில் தொற்று பரவும்போதெல்லாம் இது நடக்கிறது. அம்மா பிள்ளையின் காய்ச்சலை மறைக்கிறார். பிள்ளை பார்க்கும் அக்காவோ, தன்னிடம் வரும் இன்னொரு பிள்ளைக்குக் கொப்புளம் கண்டதை மறைக்கிறார். இருவர் மேலும் கோபப்பட்டுப் பயனில்லை. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கிறவருக்கு ஒரு நாள் வராவிட்டால் சம்பளத்தோடு அலவன்ஸும் போகும். ஐந்து பிள்ளைகளை வைத்துப் பிழைக்கும் அக்காவுக்குப் பத்து நாள் மூடினால் அந்த மாத வாடகையே உதைக்கும். உண்மையைச் சொன்னால் காசு போகும் என்றால் யார்தான் வாயைத் திறப்பார்? கீழே வரும் தவறுகளில் பாதி இங்கிருந்துதான் முளைக்கின்றன.

கை, கால், வாய்ப் புண் நோயை வைத்தே பேசுகிறேன். கோவிட் நம்மை ஒருமுறை புரட்டிப் போட்டது. இது விடாமல் திரும்பத் திரும்ப வருகிறது. 1997-இல் சரவாக்கில் இந்த நோய் பரவியபோது குழந்தைகள் பலர் இறந்தார்கள். 2018 ஜூலையில் பினாங்கில் பாலர் பள்ளிகளும் தாஸ்காக்களும் வரிசையாக மூடப்பட்டன. இரண்டு வயதுகூட ஆகாத ஒரு குழந்தையை இழந்தோம். 2022-இல் கோவிட் கட்டுப்பாடுகள் தளர்ந்த கையோடு நாடு முழுக்க மறுபடி பெருகியது. அதனால் “நம்ம பக்கம் வராது” என்ற பேச்சுக்கு இடமில்லை.

காய்ச்சல் மருந்து கொடுத்து அனுப்பி வைப்பது

காலை ஆறரைக்கு ஒரு மூடி பாராசிட்டமோல் சிரப், ஏழு மணிக்கு அக்கா வீட்டு வாசல். மருந்து நாலு முதல் ஆறு மணி நேரம் காய்ச்சலை அடக்கி வைக்கும், தொற்றை அடக்காது. பன்னிரண்டு மணிக்கு உடம்பு மறுபடி கொதிக்கும்போது அந்தப் பிள்ளை வாயில் வைத்த பிளாஸ்டிக் காரை இன்னும் மூன்று பிள்ளைகள் கடித்திருப்பார்கள். இந்த நோய் அதிகம் தொற்றுவதே முதல் வாரத்தில்தான். மற்ற பிள்ளைகளுக்கு வெளியே தெரிய மூன்று முதல் ஆறு நாள் ஆகும். அடுத்த வாரம் “யார் வீட்டிலிருந்து வந்தது” என்று பஞ்சாயத்து தொடங்கும்.

இதில் பெற்றோரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. தனியார் துறையில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்பதற்காகத் தனி லீவு எதையும் 1955 வேலைச் சட்டம் தரவில்லை. பிள்ளை பேரில் கிளினிக் கொடுக்கும் எம்.சி. என்ற மருத்துவச் சான்று பிள்ளைக்குத்தான், அம்மாவின் சூப்பர்வைசர் அதை ஏற்றுக்கொண்டால் அது அவருடைய தயவு. 2023 ஜனவரி முதல் வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் முதலாளி பதில் சொல்ல 60 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அன்று கேட்டு என்ன பயன்? எல்லாரும் நன்றாக இருக்கும் மாதத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

அப்புறம் இன்னொன்று. லீவு எடுப்பது ஏன் எப்போதும் அம்மாவாகவே இருக்கிறது? அப்பாவுக்கும் ஆண்டு விடுப்பு இருக்கிறது. பத்து நாளை இருவரும் ஷிப்டுக்கு ஏற்றபடி பிரித்துக்கொண்டால் ஒருவர் வேலைக்கே ஆபத்து வருகிற அளவுக்குப் போகாது.

அம்மை என்று நினைத்து வீட்டோடு வைத்துக்கொள்வது

நம் குடும்பங்களில் கொப்புளத்தைக் கண்டதும் பாட்டி முதலில் சொல்வது “அம்மா வந்திருக்கு” என்பதுதான். வேப்பிலை கட்டுவதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. கட்டிவிட்டு டாக்டரிடம் காட்டாமல் இருப்பதுதான் சிக்கல். சின்னம்மை பெரும்பாலும் நெஞ்சிலும் வயிற்றிலும் முதுகிலும் தொடங்கும், அரிக்கும். கை, கால், வாய்ப் புண் உள்ளங்கை, பாதம், வாய்க்குள், சில பிள்ளைகளுக்குப் பிட்டத்தில் வரும். வாய்ப் புண்ணால் பிள்ளை குடிக்க மறுக்கும். பாதிப் பிள்ளைகள் சோர்ந்து போவது இதனால்தான். புளிப்பான ஜூஸ் கொடுக்காதீர்கள், எரியும். ஆறிய கஞ்சி, குளிர்ந்த பால், கொஞ்சம் ஐஸ்கிரீம்கூடத் தவறில்லை. ஆஸ்பிரின் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

பெரும்பாலான பிள்ளைகள் ஒரு வாரம், பத்து நாளில் தேறிவிடுவார்கள். ஆனால் காய்ச்சல் இரண்டு நாளைக்கு மேல் இறங்காமல் நிற்கிறது, விடாமல் வாந்தி, தூக்கத்தில் திடுக் திடுக்கென்று கை கால் உதறுகிறது, தள்ளாடி நடக்கிறது, மூச்சு வேகமாக வாங்குகிறது, எழுப்பினாலும் கண் சொருகுகிறது, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால் காலை வரை காத்திருக்கக் கூடாது. தீவில் இருந்தால் பினாங்கு பொது மருத்துவமனை, அக்கரையில் இருந்தால் செபராங் ஜெயா மருத்துவமனை என்று அந்த இரவே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். இந்த அறிகுறிகளை அக்காவும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நைட் ஷிப்டில் அம்மாவின் போன் லாக்கரில் கிடக்கும். பிள்ளை அக்காவின் மடியில் இருக்கும்.

“டாக்டரிடம் போனால் அரசாங்கத்துக்குச் சொல்லிவிடுவார்” என்ற பயம் அக்காமார்களிடம் அதிகம். சொல்லத்தான் செய்வார். 1988 தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி இதைத் தெரிவிப்பது டாக்டரின் கடமை. சுகாதார அதிகாரிகள் வந்தால் இடத்தைப் பார்த்து, எப்படிச் சுத்தம் செய்வது என்று சொல்வார்கள். பரவல் இருந்தால் மூடச் சொல்வார்கள், பெரும்பாலும் 10 நாள். ஒரு பிள்ளையோடு நிற்க வேண்டியதை மறைத்து ஐந்து பிள்ளைக்குப் பரவவிட்டால், மூடுகிற நாள்தான் கூடும்.

மூடிய வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு

எனக்குத் தெரிந்து ஆகப் பெரிய தவறு இதுதான், இதைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை. சுங்கை ஆராவில் ஒரு தாஸ்கா மூடுகிறது. அங்கே இருந்த எட்டுப் பிள்ளைகளில் மூன்று பேருக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மாக்களுக்கு வேலை இருக்கிறது. அடுத்த பிளாக்கில் இன்னொரு அக்கா பார்த்துக்கொள்கிறார் என்று கேள்விப்பட்டு, “பத்து நாள் மட்டும்தான்” என்று விட்டுவிட்டுப் போகிறார்கள். ஏன் பழைய இடத்தை விட்டு வந்தார்கள் என்று புது அக்காவிடம் சொல்வதில்லை. நான்காம் நாள் அந்த வீட்டிலும் கொப்புளம். மூடிய கதவு எதையும் தடுக்கவில்லை, நோய்க்கு ஒரு புது விலாசம் கிடைத்ததுதான் மிச்சம்.

சரி, வேலைக்குப் போக வேண்டியவர் என்னதான் செய்வது? ஒரே தாஸ்காவில் ஒன்றாக இருந்த, அறிகுறி இல்லாத இரண்டு குடும்பங்கள் பேசி வைத்துக்கொண்டு தங்களுக்குள்ளேயே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். ஏற்கனவே கலந்து விளையாடிய பிள்ளைகள்தான். புதிதாக யாரையும் உள்ளே இழுப்பதில்லை. ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. அடுத்த பிளாக்குக்குப் போவதைவிட மேல்.

பாட்டி வீடு? அது எந்த நோய் என்பதைப் பொறுத்தது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது தாஸ்காக்கள் மூடின. ஃபேக்டரிகள் சில குறைந்த ஆட்களோடு ஓடிக்கொண்டே இருந்தன. பிள்ளையை நிபோங் திபாலிலோ சுங்கை பாக்காப்பிலோ உள்ள பாட்டியிடம் விட்டார்கள். இனிப்பு நீரும் ரத்த அழுத்தமும் உள்ள பாட்டிக்குக் கோவிட் காலத்தில் அது பெரிய ஆபத்து. கை, கால், வாய்ப் புண்ணில் கதை வேறு: பெரியவர்களை அது அவ்வளவாக வாட்டாது. வீட்டில் வேறு சின்னப் பிள்ளை இல்லாமல், கை கழுவுவதில் பாட்டி கறாராக இருந்தால் பாட்டி வீடு நல்ல ஏற்பாடுதான். சளிக்காய்ச்சல் பரவும் காலத்தில் மறுபடி யோசிக்க வேண்டும்.

காசு விஷயம் அப்புறம் பேசிக்கலாம் என்பது

இதை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பிள்ளைக்கு மாதம் 450 ரிங்கிட், ஐந்து பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். அக்காவின் வருமானம் 2,250. பத்து நாள் மூடி, யாரும் அந்த நாள்களுக்குக் காசு கொடுக்கவில்லை என்றால் 750 போய்விட்டது. முழுக் கட்டணமும் கொடு என்றால், பிள்ளையை வேறெங்கோ விடவும் காசு தேடும் பெற்றோருக்கு அது கடுப்பு. மூடிய நாள்களுக்குப் பாதி என்று முன்கூட்டியே ஒத்துக்கொண்டால் ஒரு குடும்பத்துக்கு 75 ரிங்கிட். அக்காவின் இழப்பும் 375 ஆகக் குறைகிறது. இரு பக்கமும் வலிக்கும், ஆனால் மறைக்கத் தூண்டும் அளவுக்கு வலிக்காது.

பிள்ளையைச் சேர்க்கும் முதல் நாளிலேயே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடலாம்: காய்ச்சல் என்றால் அனுப்பக் கூடாது, பிள்ளை மட்டும் வராத நாளுக்கு எவ்வளவு, அக்கா மூடும் நாளுக்கு எவ்வளவு. “அக்கா நம்ம சொந்தம் மாதிரி, அவங்ககிட்ட போய் எப்படி எழுதிக் கேட்பது” என்று கூச்சப்படுவார்கள். சொந்தம் மாதிரி இருப்பவரிடம்தான் காசு விஷயத்தில் மனஸ்தாபம் சீக்கிரம் வருகிறது.

பதிவும் இந்தக் காசுப் பேச்சில்தான் சேரும். ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளைச் சேர்ந்த, நான்கு வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளையோ அதற்கு மேலோ கூலிக்குப் பார்த்தால் அது 1984 சட்டப்படி தாஸ்கா. சமூக நலத்துறையில் பதிய வேண்டும். ஒன்பது பிள்ளைகள் வரை என்றால் வீட்டுத் தாஸ்காவாகப் பதியலாம். அலைச்சல் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2020-இல் அரசாங்கம் 75 பேர் வரை வேலை செய்யும் நிறுவனங்களுக்கு ஓர் ஊழியருக்கு மாதம் 1,200 ரிங்கிட் சம்பள உதவி கொடுத்தது. நிறுவனப் பதிவும் ஊழியர் பேரில் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்குக் கட்டும் சந்தாவும் இருந்தவர்களுக்குத்தான் அது கிடைத்தது. கையில் காசாகச் சம்பளம் கொடுத்த இடங்கள் மனுவே போட முடியவில்லை. பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு: தாஸ்கா கட்டணத்துக்கான வரிச் சலுகையை அதே ஆண்டு 2,000-த்திலிருந்து 3,000 ரிங்கிட் ஆக்கினார்கள், பதிவு பெற்ற இடத்து ரசீதுக்குத்தான் அது செல்லும்.

ஜெல், குளோராக்ஸ், வாளித் தண்ணீர்

கோவிட் பழக்கத்தில் எல்லார் வாசலிலும் கைக்கு ஜெல் பாட்டில் நிற்கிறது. இந்த நோயின் வைரஸ் மேல் ஆல்கஹால் ஜெல் சரியாக வேலை செய்யாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும், முக்கியமாகப் பெம்பர்ஸ் மாற்றிய பிறகு. உதவி செய்ய நினைக்கும் கோயில்களும் சங்கங்களும் ஜெல் பெட்டிகளை இறக்குவதற்குப் பதில் சோப்பும் பெம்பர்ஸும் கொடுத்தால் புண்ணியம்.

விளையாட்டுச் சாமானை முதலில் சோப்புப் போட்டு அழுக்கு போகக் கழுவ வேண்டும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி குளோராக்ஸ் ப்ளீச் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அழுக்கோடு குளோராக்ஸில் போட்டால் வீண். நேற்றுக் கலந்ததை இன்று பயன்படுத்தாதீர்கள். கழிவறை கழுவும் திரவத்தோடோ வினிகரோடோ கலந்தால் விஷவாயு வரும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தப் பரிசோதனை வேண்டாம்.

2024 ஜனவரி 10 முதல் நான்கு நாள் பினாங்கில் தண்ணீர் வெட்டு இருந்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில் ஒரே வாளியில் எல்லாப் பிள்ளைகளும் கை விட்டுக் கழுவுவது கழுவாமல் இருப்பதைவிட மோசம். ஒருவர் கோப்பையால் மொண்டு ஊற்ற, பிள்ளை வாளிக்கு வெளியே கையைக் காட்ட வேண்டும்.

வாட்சாப்பில் பிள்ளை பெயர்

புண் படத்தோடு பெயரையும் போட்டு குரூப்பில் அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த முறை எந்த அம்மா சொல்வார்? அக்கா இப்படி எழுதினால் போதும்:

“வணக்கம்மா. நம்மிடம் வரும் ஒரு பிள்ளைக்குக் கை கால் வாய்ப் புண் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கடைசியாக வந்தது திங்கட்கிழமை. இன்றிலிருந்து தினமும் காலையில் உங்கள் பிள்ளையின் வாய், உள்ளங்கை, பாதம் பாருங்கள். காய்ச்சலோ புண்ணோ இருந்தால் அனுப்பாதீர்கள், எனக்கு மட்டும் போன் பண்ணுங்கள்.”

திரும்பி வரும் நாளிலும் ஒரு தவறு நடக்கிறது. “முழுக்கச் சரியாகிவிட்டது என்று கிளினிக் கடிதம் கொண்டு வாங்க” என்று சில இடங்களில் கேட்கிறார்கள். கொப்புளம் காய்ந்த பிறகும் மலத்தில் வைரஸ் வாரக்கணக்கில் இருக்கும், ஆகவே உடம்பில் வைரஸே இல்லை என்று எந்தக் கிளினிக்கும் எழுதித் தர முடியாது. டாக்டர் முதலில் சொன்ன நாள் முடிந்து, காய்ச்சல் இல்லாமல், புண் காய்ந்திருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். பெம்பர்ஸ் மாற்றும்போது சோப்பில் மட்டும் இன்னும் சில வாரம் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஒரு கடிதத்துக்காக அம்மாவை மறுபடி கிளினிக் வரிசையில் நிற்க வைத்தால் இன்னொரு நாள் சம்பளம் போகும்.