‘அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்’: புற்றுநோய் என்று சொல்லும்போது நேரும் தவறுகள்

சென்னையில் ஒரு மருத்துவமனை. என் அம்மாவின் பயாப்சி ரிப்போர்ட் வந்த நாள். “கூட வந்தவங்க மட்டும் உள்ள வாங்க” என்று நர்ஸ் கூப்பிட்டார். மார்பகப் புற்றுநோய் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். நானும் தயங்காமல் கேட்டேன்: “அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்.” அவர் தலையாட்டினார். ஸ்கேன் பையை மடியில் வைத்தபடி வெளியே உட்கார்ந்திருந்த அம்மா, கதவைத் திறந்த என் முகத்தைத்தான் முதலில் பார்த்தார்.

நீர்க்கட்டி என்று சொல்லி வைத்தோம். முதல் கீமோ முடிந்து மூன்றாவது வாரம், முடி அப்பியிருந்த சீப்பைக் கொண்டுவந்து காட்டி, “நீர்க்கட்டிக்கு இப்படிக் கொட்டுமா?” என்று கேட்டார். அதுவரை அவர் தனியாகவே பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

நோயாளியைத் தாண்டி வீட்டாரிடம் சொல்வதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. பாசத்தில் செய்கிறோம், சரி. ஆனால் உடம்பு அவருடையது. மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு, அவருடைய தாயின் சம்மதத்தை மட்டும் வாங்கிக் கருப்பையை எடுத்த வழக்கில், அவசரநிலை இல்லாதபோது அந்தச் சம்மதம் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீட்டார் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினால், மருத்துவர் கோபப்பட வேண்டாம், “எதுக்குப் பயப்படுறீங்க?” என்று கேட்கட்டும். அப்புறம் நோயாளியிடம், “ரிப்போர்ட் விவரம் எல்லாம் உங்ககிட்டயே சொல்லட்டுமா, இல்ல வீட்டுல யாராவது கேட்டுக்கணுமா?” என்று கேட்கட்டும். “பையன்கிட்ட சொல்லுங்க” என்று அவரே சொன்னால், அது அவருடைய முடிவு.

கேன்சர் நிபுணர்கள் 2000-ல் வெளியிட்ட ‘ஸ்பைக்ஸ்’ என்ற ஆறு படி முறையும் இதையே சொல்கிறது: தனியிடம் பார்த்து உட்கார், நோயாளிக்கு என்ன தெரியும் என்று கேள், எவ்வளவு தெரிய வேண்டும் என்று கேள், அதற்குப் பிறகு சொல், அவர் மனநிலையைக் கவனி, அடுத்து என்ன என்று திட்டமிடு. சொல்வதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கூட்டம் நெரியும் ஓ.பி.யில் அந்த இரண்டும்தான் முதலில் விடுபடுகின்றன.

அடுத்தது வார்த்தை. “பாசிட்டிவ்னு வந்திருக்கு” என்றால், பாசிட்டிவ் நல்லதுதானே என்று நிம்மதியாகச் சிரிப்பவர்கள் உண்டு. புற்றுநோயைக் குறிக்கும் ‘மாலிக்னன்ட்’, ‘கார்சினோமா’ என்ற சொற்களும் பலருக்குப் புரிவதில்லை. “ரிப்போர்ட் நாம நினைச்ச மாதிரி வரல” என்று ஒரு வரி சொல்லி, ஒரு மூச்சு விட்டு, “இது புற்றுநோய்க் கட்டி” என்று தெளிவாகச் சொல்லலாம். சொன்னதும் சும்மா இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் ஸ்டேஜ், கீமோ, ரேடியேஷன், செலவு என்று அடுக்கினால், ‘புற்றுநோய்’ என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் காதில் ஏறாது. கண்ணீர் வந்தால் தண்ணீர் கொடுங்கள், காத்திருங்கள்.

“ஒண்ணுமில்ல, சரியாயிடும்” என்பதும் தவறு, “இனி எங்களால ஒண்ணும் செய்ய முடியாது” என்பதும் தவறு. நோயை முழுதாகக் குணப்படுத்த முடியாத கட்டத்திலும் வலியை, மூச்சுத்திணறலை, வாந்தியைக் குறைக்க மருந்து இருக்கிறது. வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சை என்று ஒரு துறையே இருக்கிறது. “எத்தனை நாள்?” என்று கேட்பவருக்கு நாள் குறித்துக் கொடுக்கவும் வேண்டாம், பேச்சை மாற்றவும் வேண்டாம். மாதக்கணக்கா, வருடக்கணக்கா என்று தெரிந்த அளவுக்குச் சொல்லலாம். மகள் கல்யாணத்துக்குத் தேதி பார்க்கிறவர் அந்தக் கேள்வியைச் சும்மா கேட்பதில்லை.

இப்போதெல்லாம் லேப் ரிப்போர்ட் டாக்டருக்கு முன்பே வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. அதனால் பயாப்சி எடுக்கும் நாளிலேயே, “ரிப்போர்ட் வந்தா தனியா படிச்சுப் பயப்படாதீங்க, நேர்ல வாங்க, உட்கார்ந்து பேசுவோம்” என்று சொல்லி வைப்பது நல்லது.

அறையை விட்டுக் கிளம்பும்போது அடுத்த பரிசோதனைத் தேதி, கூப்பிட வேண்டிய எண் இரண்டும் நோயாளியின் கையில் தாளாக இருக்கட்டும். கூடவே ஒரு கேள்வி: “வீட்டுக்குப் போனதும் என்ன சொல்வீங்க?” அவர் சொல்லும் பதிலில், எது புரிந்தது, எது இன்னும் புரியவில்லை என்று டாக்டருக்கே தெரிந்துவிடும்.