காந்தா போர்வையா, முதலில் திருப்பிப் பாருங்கள்

வேலூர் சைதாப்பேட்டையில் முப்பது வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்குவது எங்களைச் சுற்றியுள்ள தெருக்களில்தான். கடைப் பலகைகளில் வங்காள எழுத்து இருக்கும். மீன் விற்கிறவர் வங்காளத்திலேயே விலை சொல்லுவார்.

அப்படித் தங்க வந்தவர்தான் ஒரு தீதி. வங்காளத்தில் அக்காவைத் தீதி என்பார்கள். பீர்பூம் பக்கம் ஊர். வீட்டுக்காரருக்கு நாலு மாத வைத்தியம். பக்கத்து லாட்ஜ் மாடிப்படியில் உட்கார்ந்து பழைய பருத்திப் புடவைகளை ஒன்றின்மேல் ஒன்றாக விரித்துத் தைத்துக்கொண்டே இருப்பார். புடவைக் கரையிலிருந்து சிவப்பு நூலை உருவி, அதையே ஊசியில் கோத்துக்கொள்வார். அதற்குக் காந்தா என்று பெயர். எங்கள் ஆயாவும் பழம்புடவையை மடித்து இப்படித் தைத்துப் பிள்ளைகளுக்குப் போட்டிருக்கிறார். சித்தூர்ப் பக்கம் இதைப் பொந்த என்பார்கள். 1911 வரை சித்தூரும் எங்கள் வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்ததுதானே, இரண்டு பக்கமும் பழக்கம் ஒன்றுதான். ஊருக்குக் கிளம்பும்போது தீதி தைத்து முடித்ததை நான் காசு கொடுத்து வாங்கிக்கொண்டேன். இன்றும் கடையில் இருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து, பேரக்குழந்தைக்காக ஒரு கண்காட்சியில் ‘கையால் தைத்த காந்தா’ என்று 1,800 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். வீட்டில் இஸ்திரி வைத்ததும் துணி சுருங்கிப் பெட்டியில் ஒட்டிக்கொண்டது. முழுக்க பாலியெஸ்டர். உள்ளே மடித்திருந்த சீட்டில் வெளிநாட்டின் பெயர் இருந்தது. குழந்தை மேல் போர்த்த வாங்கியது அது. அன்று வந்த வருத்தத்தில்தான், கடைக்கு யார் போர்வை கொண்டுவந்து கேட்டாலும் தீதியின் போர்வையை எடுத்துப் பக்கத்தில் விரித்துக் காட்ட ஆரம்பித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, போர்வையைத் திருப்புவது. பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். தையல் மிஷினில் இரண்டு நூல் ஓடும், மேலே ஒன்று, கீழே பாபினில் ஒன்று. இரண்டும் துணிக்குள் ஒன்றையொன்று கவ்விப் பிடிப்பதால் முன்னாலும் பின்னாலும் இடைவெளி இல்லாத கோடாகத் தெரியும். கை ஓட்டுத்தையலில் ஒரே நூல்தான். ஊசி இறங்கி ஏறுகிறது. முன்பக்கம் ஒரு தையல், ஒரு இடைவெளி. அந்த இடைவெளி எங்கே இருக்கிறதோ, பின்பக்கம் சரியாக அங்கேதான் தையல் இருக்கும். விரலால் ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள், புரிந்துவிடும்.

ஏமாற்றுவது எங்கே என்றால், கைத்தையல் மாதிரியே தைக்கும் மிஷின் வந்துவிட்டது. மேல் நூலாகக் கண்ணுக்குத் தெரியாத நைலான் இழையைப் போட்டு, கீழே இருக்கும் வண்ண நூலை அங்கங்கே மேலே இழுத்துவிடுவார்கள். முன்பக்கம் விட்டுவிட்டுத் தைத்ததுபோலவே இருக்கும். பின்பக்கம் மட்டும் வண்ணக்கோடு அறுபடாமல் ஓடும். முன்பக்கத்தை வெயிலில் சாய்த்துப் பிடித்தால் இடைவெளிகளில் நைலான் மின்னும். இன்னொரு வகையில் நூலே கிடையாது. பாலியெஸ்டர் அடுக்குகளை அதிர்வின் சூட்டில் உருக்கிப் புள்ளி புள்ளியாக ஒட்டிவிடுகிறார்கள். நகத்தால் கீறுங்கள். நூல் என்றால் நகத்தில் மாட்டும், உருக்கி ஒட்டிய புள்ளி வழவழவென்று பிளாஸ்டிக்காக இருக்கும். தையலையே அச்சடித்து விற்பதும் உண்டு. அதைத் தடவினாலே தெரிந்துவிடும்.

அப்புறம், ஒரே ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு அது எங்கே முடிகிறது என்று தேடுங்கள். கையால் தைக்கிறவர் கை நீளத்துக்குத்தான் நூல் எடுப்பார், அதிகம் எடுத்தால் சிக்கும். அதனால் போர்வையின் நடுவிலேயே நூல்கள் முடிந்து முடிந்து புதிதாகத் தொடங்கியிருக்கும். முடிச்சு உள்ளே மறைந்திருந்தாலும் விரலுக்குச் சிறு மேடாகத் தட்டுப்படும். மிஷின் கோடு ஓரத்தில் தொடங்கி எதிர் ஓரம்வரை போய்ப் பட்டிக்குள் மறையும்.

தையல் கோணலாக இருந்தாலே கைவேலை என்று நினைத்துவிடாதீர்கள். கைதேர்ந்தவர் தைத்தால் ஒரு சீராகத்தான் இருக்கும். கோணலை மிஷினிலும் வரவைக்கலாம். அந்தக் கோணல் திரும்ப வருகிறதா என்பதைப் பாருங்கள். நான் ஏமாந்து வாங்கிய போர்வையில் ஒரு நெளிவு எட்டு இஞ்சுக்கு ஒருமுறை அச்சு மாறாமல் வந்துகொண்டே இருந்தது, டேப் வைத்து அளந்தேன். தீதியின் போர்வையில் ஒரு மூலையில் மட்டும் நாலு வரிசை தையல் நீளமாக, சற்று மேல்நோக்கிச் சாய்ந்து போகும். அந்த மூலையைத் தைத்த மாலை மாடிப்படியில் விளக்கு எரியவில்லை. வேறெங்கும் அந்தச் சாய்வு கிடையாது.

இனி உள்ளே. நல்ல காந்தாவில் பஞ்சு இருக்காது, துணி அடுக்குதான். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் உள்ளே இருக்கும் புடவையின் கரையோ பூவோ நிழலாகத் தெரியும். நெருங்கிய தையல் துணியை இழுப்பதால் மேல்பரப்பு சின்னச் சின்ன அலையாகச் சுருங்கியிருக்கும். கையில் பிடித்துக் கசக்கிவிட்டால் பருத்தி மெதுவாக விரியும், பாலியெஸ்டர் பஞ்சு உடனே உப்பிக்கொள்ளும். சந்தேகம் தீரவில்லை என்றால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, சமையலறைத் தொட்டிக்கு மேல் கொளுத்துங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருங்கிக் கறுப்பு மணியாக இறுகும். இதில் தெரிவது நூல் எது என்பது மட்டும்தான். பருத்தியிலும் மிஷின் போர்வை உண்டு.

ஒட்டுத்துணி வைத்தது என்றால் ஒவ்வொரு துண்டின் விளிம்பையும் தடவுங்கள். நிஜமாக ஒட்டியது என்றால் மடித்த மேடு இருக்கும். மேடே இல்லாமல் தட்டையாக இருந்தால், முழுத்துணியில் துண்டுகளை அச்சடித்திருக்கிறார்கள்.

ஓரப் பட்டியை மட்டும் மிஷினில் அடித்திருந்தால் அதைக் குறையாக நினைக்காதீர்கள். அது உறுதிக்காகச் செய்வது. எத்தனையோ பேருக்கு நானே அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

‘கையால் தைத்தது’, ‘இங்கே தைத்தது’ இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். வெளிநாட்டுச் சரக்கிலும் கைத்தையல் உண்டு. இறக்குமதி செய்த பொட்டலத்தில் எந்த நாட்டில் தயாரானது என்று போட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். சீட்டைக் கத்தரித்துவிட்டுத் துணியை மட்டும் விரித்துக் காட்டினால், பொட்டலத்தைக் காட்டச் சொல்லுங்கள். பூவும் உருவமுமாகத் தைக்கும் காந்தாவை நக்ஷி காந்தா என்பார்கள். மேற்கு வங்காளத்தின் நக்ஷி காந்தாவுக்கு, அந்த ஊர்ப் பொருள் என்று காட்டும் புவிசார் குறியீடும் இருக்கிறது.

விலைக்கு வருவோம். ஏழு அடி நீளம், நாலரை அடி அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இஞ்சுக்கு 5 தையல் போட்டால் ஒரு வரிசைக்கு 420. கால் இஞ்சுக்கு ஒரு வரிசை என்றால் 216 வரிசை. மொத்தம் 90,720 தையல். கை நிற்காமல் நிமிடத்துக்கு 30 போட்டாலும் 50 மணி நேரம் ஆகிவிடும். அதை 799 ரூபாய்க்குத் தந்தால் துணி, நூல் செலவெல்லாம் போகாமலே மணிக்கு 16 ரூபாய்கூட வராது. அந்த விலைக்கு யாரும் தைக்க முடியாது, யாரையும் தைக்கவைக்கவும் கூடாது.

போனில் பார்த்து வாங்குகிறவர்கள் மூன்று படம் கேளுங்கள்: ஒரு சாண் இடத்தின் முன்பக்கம், அதே இடத்தின் பின்பக்கம், நடுவில் ஒரு நூல் முடிகிற இடம். கையால் தைத்தவரிடமிருந்து வாங்கி விற்கிறவர் அன்றைக்கே அனுப்பிவிடுவார்.