ஆட்டு முட்டியிலிருந்து குருத்தெலும்பு செல் எடுப்பது

ஆட்டின் பின்னங்கால் முட்டி வேண்டும். காலை ஆறு மணிக்கே கறிக்கடையில் போய் நின்று, "முட்டியைத் திறக்காம, சவ்வோட அப்படியே குடுங்க பாய்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கத்தி மூட்டுக்குள் போனால் கிருமியும் கூடவே போகும். இரண்டு மூன்று நாளில் செல்லை வளர்க்கும் தட்டு கலங்கிவிடும். முதல் தடவை நான் சொல்ல மறந்துவிட்டேன். நாலாக வெட்டிப் பையில் போட்டுவிட்டார். அன்று வீட்டில் சூப்.

ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து, 70% எத்தனால் தெளித்து, ஹூட்டுக்குள் (வடிகட்டிய காற்று வீசும் பெட்டி) வைத்து மூட்டைத் திறங்கள். எலும்பு நுனியில் நீலம் பாய்ந்த வெள்ளையாகப் பளபளப்பதுதான் குருத்தெலும்பு. ஸ்கால்பெலைப் படுக்கவைத்து, தேங்காய்ப் பத்தை சீவுகிற மாதிரி மெல்லிசாகச் சீவுங்கள். சிவப்பு தெரிந்தால் எலும்பைத் தொட்டுவிட்டீர்கள், அந்த இடத்தை விட்டுவிடுங்கள். சீவியதை 1 மி.மீ. துண்டுகளாக நறுக்கி, ஆன்டிபயாடிக் கலந்த பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் மூன்று முறை அலசுங்கள்.

செல்லைச் சுற்றியிருக்கும் கொலாஜன் புரதத்தைக் கரைத்தால்தான் செல் வெளியே வரும். அதற்கு கொலாஜினேஸ் என்ற நொதி வேண்டும். மற்ற புரதங்களை வெட்டும் ட்ரிப்சின் நொதி போதாதா என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். கொலாஜன், மூன்று இழை முறுக்கிய கயிறு. ட்ரிப்சினால் அந்த முறுக்கில் வாய் வைக்க முடியாது. நம் உடம்பில் சுரக்கும் கொலாஜினேஸ்கூட அதை ஒரே இடத்தில் வெட்டி, முக்கால், கால் என்று இரண்டு துண்டாக்கும், அவ்வளவுதான். நாம் வாங்கும் கொலாஜினேஸ் தூள் கிளாஸ்ட்ரிடியம் ஹிஸ்டோலிட்டிகம் என்ற பாக்டீரியாவிலிருந்து வருவது. அது கயிற்றைப் பல இடங்களில் நறுக்கிப் போட்டுவிடும்.

டைப் 2 கொலாஜினேஸ், ஒரு மில்லி டிஎம்இஎம்முக்கு (செல் வளர்க்கும் திரவம்) 1 மில்லிகிராம். 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, துண்டுகள் மூழ்க ஊற்றி, 37 டிகிரியில் மெதுவாக ஆடவிட்டு இரவு முழுக்க வையுங்கள்.

ஒருநாள் காலையில் வந்து பார்த்தால், போட்ட துண்டு போட்டபடியே கிடந்தது. தூள் கெட்டுவிட்டது என்று கடைக்காரரைத் திட்டாத குறை. தப்பு என்னுடையதுதான்: கடைசி அலசலை இடிடிஏ என்ற வேதிப்பொருள் உள்ள கரைசலில் செய்து, அதைச் சரியாக வடிக்காமலே விட்டிருந்தேன். இந்த நொதிக்கு கால்சியமும் துத்தநாகமும் வேண்டும். இடிடிஏ இரண்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். டிஎம்இஎம்மில் கால்சியம் ஏற்கெனவே இருக்கிறது, அதைக் கெடுக்காமல் இருந்தாலே போதும்.

கரையவில்லையே என்று தூளை இரண்டு பங்காக்காதீர்கள், செல்கள் அடிபடும். இன்னும் ஒரு மணி நேரம் பொறுங்கள். துண்டுகள் ஜவ்வரிசிக் கஞ்சி பதத்துக்கு வந்ததும் 10% சீரம் உள்ள மீடியம் ஊற்றி வேலையை நிறுத்தி, 70 மைக்ரான் சல்லடையில் வடித்து, சென்ட்ரிஃப்யூஜில் 300 ஜியில் (புவியீர்ப்பைப் போல 300 மடங்கு விசை) ஐந்து நிமிடம் சுழற்றுங்கள். ட்ரிபன் புளூ சாயம் கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், நீலமாகத் தெரிவது செத்த செல்.

மிச்சத் தூள் மைனஸ் 20-இல் இருக்கட்டும். அடுத்த முறை எடுத்த கையோடு மூடியைத் திறக்காதீர்கள். குளிர் போன பிறகு திறந்தால் உள்ளே ஈரம் கோக்காது.