ஊர்ப் பதிவர்கள் கூடி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே ஊரைச் சேர்ந்த பத்துப் பேர் ஒன்றுகூடி இணையத்தில் எழுதலாம் என்று முடிவெடுத்தால், முதல் கூட்டத்தில் பெரும்பாலும் தளத்தின் பெயரைப் பற்றித்தான் பேச்சு நடக்கும். அடுத்த கூட்டத்தில் முகப்பின் நிறம், சின்னம், தளம் கட்ட வேர்ட்பிரஸ்ஸா பிளாகரா என்ற விவாதம். இப்படியே மாதங்கள் ஓடிவிடும். தளம் திறக்கும் நாளில் ஒரு வரவேற்புரை வரும். அதற்குப் பிறகு எழுத ஆள் இருக்காது. தளத்தைக் கட்டிவிட்டு எழுதுபவர்களைத் தேடுவதுதான் இந்த வேலையில் முதல் தவறு. மற்றத் தவறுகள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

2015 அக்டோபரில் புதுக்கோட்டையில் நடந்த வலைப்பதிவர் திருவிழாவைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். அந்த ஒருநாள் விழாவுக்கு முன்பே அந்த மாவட்டத்தில் கணினித் தமிழ்ச் சங்கம் என்ற பெயரில் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் கூடிப் பயிற்சி முகாம்கள் நடத்தியிருந்தார்கள். எழுத்தாளர் நா. முத்துநிலவன் முன்னின்ற முயற்சி அது. தமிழில் தட்டச்சு செய்வது, வலைப்பூ தொடங்குவது, படம் சேர்ப்பது என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். ஆள் சேர்ந்த பிறகு விழா வந்தது. வரிசை அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆகவே தளத்தின் பெயரைப் பதிவு செய்ய ஓடாதீர்கள். நான்கு பேர், ஆளுக்கு மூன்று கட்டுரைகள் எழுதி முடிக்கட்டும். இலவச வலைப்பூவில் போடட்டும், அல்லது தாளில் எழுதிக் கொண்டுவரட்டும். கூடுவதற்கு இடம் வேண்டும் என்றால் ஊரில் கிளை நூலகம் இருக்கிறது. பல நூலகங்களில் வாசகர் வட்டமும் உண்டு. நூலகரிடம் பேசினால் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் கிடைப்பது கடினமாக இருக்காது. அந்தப் பன்னிரண்டு கட்டுரைகளையும் படித்துப் பார்த்தால் உங்கள் தளம் எப்படிப்பட்டது என்பது தானாகவே தெரிந்துவிடும். பெயரும் அதிலிருந்தே கிடைக்கும்.

அடுத்த தவறு, எண்ணிக்கையை முகப்பில் தூக்கி வைப்பது. தமிழ் வலைப்பதிவுகளின் வரலாற்றிலேயே இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. காசி ஆறுமுகம் 2004-இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, உலகின் பல மூலைகளில் தனித்தனியே எழுதிக்கொண்டிருந்தவர்களை ஓரிடத்தில் கொண்டுவந்தது. ஒருவர் பதிவிட்ட சிறிது நேரத்தில் மற்றவர்கள் கண்ணில் அது பட்டது. வாரம் ஒருவரை நட்சத்திரப் பதிவராக முன்னிறுத்தியது அருமையான ஏற்பாடு. அந்த ஏழு நாளும் அவர் முழு முனைப்போடு எழுதுவார், மற்றவர்கள் தேடிப் படிப்பார்கள். புதியவர்கள் பலர் அப்படித்தான் வாசகர்களுக்கு அறிமுகமானார்கள்.

அதே திரட்டியில் வாக்கு முறையும் இருந்தது. அக்காலத்துப் பதிவுகளின் கீழே இன்றும் பார்க்கலாம்: ‘அருமை. த.ம. 4.’ தமிழ்மணத்தில் நான்காவது வாக்கு என்னுடையது என்று பொருள். கட்டுரையைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இருக்காது. போட்ட வாக்குக்கு எதிர்வாக்கு வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் இருக்கும்; கல்யாண வீட்டு மொய் நோட்டைப் போல, யார் எவ்வளவு எழுதினார் என்பது மனத்தில் நிற்கும். உலகளாவிய திரட்டியிலேயே இந்த நிலை என்றால், தினமும் பஸ் நிறுத்தத்தில் முகம் பார்த்துக்கொள்ளும் ஊர்க்காரர்களிடையே இது இன்னும் கூர்மையாகும். ‘என் கட்டுரைக்கு அவர் விருப்பக்குறி இடவில்லை’ என்பது மனத்தாங்கலாகி, கூட்டத்துக்கு வராமல் இருப்பது வரை போகும்.

எனவே எத்தனை பேர் படித்தார்கள், யார் முதலிடம், இந்த மாதத்தின் சிறந்த பதிவர் என்பவற்றை எல்லாம் முகப்பில் வைக்காதீர்கள். நிர்வாகத்துக்குத் தேவை என்றால் உள்ளே பார்த்துக்கொள்ளலாம். மாறாக, முறை வைத்து ஒவ்வொரு வாரமும் ஓர் உறுப்பினர் ஒரு கட்டுரையைத் தேர்ந்து, அதில் தனக்குப் பிடித்த பகுதி எது, ஏன் பிடித்தது என்று நான்கு வரி எழுதட்டும். அந்த நான்கு வரியைப் படித்தவர் மீண்டும் எழுதுவார். எண்ணுக்கு அந்த வலிமை கிடையாது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது மூன்றாவது தவறு. ஊர்த் தளம் என்று பெயர் வைத்துவிட்டு, எங்கும் கிடைப்பதையே எழுதுவது. வெள்ளிக்கிழமை வந்த படத்தின் விமர்சனம், சட்டமன்றச் செய்தி, உடல்நலக் குறிப்பு. இவற்றை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்கள் ஊர் ஏரியைப் பற்றி எழுத உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்?

அந்த ஏரிக் கட்டுரையும் பெரும்பாலும் எப்படி வருகிறது என்றால், ‘எங்கள் ஊர் ஏரி மிகப் பழமையானது. மன்னர் காலத்தில் வெட்டப்பட்டது. இன்று ஆக்கிரமிப்பால் அழிந்துவருகிறது. நீரின்றி அமையாது உலகு.’ எந்த ஊரின் பெயரைப் போட்டாலும் பொருந்தும் வரிகள். இந்தக் கட்டுரையை எழுதியவரிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும்: ஏரிக்கு எத்தனை மதகுகள்? எந்த மதகின் தண்ணீர் எந்த வயல்களுக்குப் போகிறது? ஏரி நிறைந்து கலிங்கு வழியே தண்ணீர் கடைசியாக எந்த ஆண்டு மறுகால் போனது? நீர்பாய்ச்சி யார், அவருக்குக் கூலி நெல்லாகக் கொடுத்தார்களா, எந்த அளவில்? தண்ணீர் குறைந்த ஆண்டில் முறை வைத்தது யார், அதை எதிர்த்துச் சண்டை வந்ததா? குடிமராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்ற வழக்கம் எப்போது நின்றது? இவற்றுக்கு விடை தெரிந்தவர்கள் எழுபது வயதைத் தாண்டியிருப்பார்கள். அவர்களில் பலர் எழுத மாட்டார்கள், சொல்வார்கள். கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு வந்து எழுத்தாக்கினால் அதுவே அந்த ஊரின் ஆவணம். இதைச் செய்வதற்காகவே ஊர்ப் பதிவர் குழு ஒன்று இருக்கலாம் என்பது என் எண்ணம்.

‘ஈராயிரம் ஆண்டு பழமை’ என்ற வரிக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். கோயிலில் கல்வெட்டு இருக்கிறது என்றால், அது படியெடுக்கப்பட்டதா என்று இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் பாருங்கள். 1887 முதல் அவை இருக்கின்றன, பழைய தொகுதிகள் பல இணையத்திலேயே படிக்கக் கிடைக்கின்றன. எந்த அரசனின் எத்தனையாம் ஆட்சியாண்டு, என்ன கொடை என்று எழுதினால் கட்டுரைக்கு எடை கூடும். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் ‘என்று ஊரில் சொல்கிறார்கள்’ என எழுதுவதில் குறைவு ஏதும் இல்லை.

இனி, பொதுவாக யாரும் கவனிக்காமல் பின்னால் தலையில் கைவைக்கும் விஷயம். சாவி ஒருவர் கையில் இருப்பது. தளத்தின் பெயர் ஒருவரின் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கும், கட்டணம் அவருடைய அட்டையிலிருந்து போகும், கடவுச்சொல் அவருக்கு மட்டுமே தெரியும். அவர் வெளிநாடு போகலாம், கோபித்துக்கொள்ளலாம், இறந்தும் போகலாம். புதுப்பிக்கச் சொல்லி வரும் மின்னஞ்சலைப் பார்க்க ஆள் இருக்காது. டாட் காம் பெயர் ஒன்று காலாவதியாகிப் பதிவு நிறுவனம் அதை நீக்கிவிட்டால், கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குப் பின் ஐந்து நாளில் அது பொதுச்சந்தைக்கு வந்துவிடும். யாரோ வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போடுவார்கள், பழைய இணைப்புகள் எல்லாம் அங்கே போய் நிற்கும். குழுவுக்கென்று ஒரு மின்னஞ்சல், மூவருக்குத் தெரிந்த கடவுச்சொல், இரண்டு நிர்வாகிகள் ஆகியவை முதல் நாளே தேவை.

நிறுவனங்களையும் நம்பி இருந்துவிட முடியாது. இலவச இணையப்பக்கம் தந்த ஜியோசிட்டீஸ் 2009-இல் போயிற்று. வலைப்பூச் சேவையான போஸ்டரஸ் 2013-இல், கூகுள் பிளஸ் 2019-இல். மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று தமிழர்கள் கூடிப் பேசிய யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரில் அடியோடு மூடப்பட்டன. 2006 ஜூலையில், மும்பை ரயில் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, பிளாகரின் பிளாக்ஸ்பாட் தளங்களே இந்தியாவில் சில நாள் தடைபட்டன. ஆகவே மாதம் ஒருமுறை படி எடுத்து வையுங்கள்.

அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வேர்ட்பிரஸ்ஸில் ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்தால் ஒரு கோப்பு இறங்கும். கட்டுரைகள், மறுமொழிகள், தேதிகள் எல்லாம் அதில் இருக்கும். படங்கள் இருக்காது, படம் எந்த முகவரியில் இருக்கிறது என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். பழைய தளம் உயிரோடு இருக்கும்வரை புதிய தளம் அந்த முகவரிக்குப் போய்ப் படத்தை எடுத்துக்கொள்ளும். பழையது மூடிய பிறகு அந்தக் கோப்பை ஏற்றினால் கட்டுரைகளின் நடுவே வெற்றுச் சட்டங்கள் நிற்கும். திருவிழாப் படமும் பள்ளிக்கூடக் குழுப்படமும் போனது போனதுதான். படங்கள் இருக்கும் அப்லோட்ஸ் என்ற அடைவைத் தனியே இறக்கி வைக்க வேண்டும்.

தமிழ்த் தலைப்பு இடும்போது வரும் சிக்கலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கட்டுரையின் முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் சதவீதக் குறிகளோடு ஒன்பது இடத்தை எடுத்துக்கொள்கிறது. வேர்ட்பிரஸ் அந்தப் பகுதிக்கு 200 இடங்களே ஒதுக்குகிறது. ஆக 22 குறியீடுகளில் தலைப்பு வெட்டுப்படும். புள்ளியும் துணைக்காலும்கூடத் தனிக் குறியீடுதான். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் பாதித் திரைக்குப் புரியாத எழுத்தாக நிற்கும். வெளியிடும் முன் முகவரியை மட்டும் சுருக்கமாக ஆங்கில எழுத்தில் மாற்றிவிடுங்கள். பின்னால் மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் சிக்கலாகலாம்.

புதிதாக எழுத வருபவரை எப்படி நடத்துகிறீர்கள் என்பதிலும் தவறு நேர்கிறது. சிலர் எல்லாருக்கும் முழு நிர்வாக உரிமை கொடுத்துவிடுவார்கள். ஒருவர் தவறுதலாக மற்றவர் கட்டுரையை அழித்துவிடுவார். சிலர் எல்லாரையும் வேர்ட்பிரஸ்ஸின் ‘கான்ட்ரிபியூட்டர்’ நிலையிலேயே வைப்பார்கள். அந்த நிலையில் இருப்பவரால் படம் ஏற்ற முடியாது, வெளியான தன் கட்டுரையில் ஓர் எழுத்துப்பிழையைக்கூடத் திருத்த முடியாது. இரண்டு மூன்று கட்டுரைகள் ஆனதும், இவற்றைச் செய்ய முடிகிற ‘ஆத்தர்’ நிலைக்கு உயர்த்திவிடுவது நல்லது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் டி.டி.பி. கடையில் அடித்த பழைய கோப்பைக் கொண்டுவருவார். ஒருங்குறி (யூனிகோடு) அல்லாத எழுத்துருவில் இருப்பதால் தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அவரிடம் மறுபடி அடித்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பாதீர்கள். எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன, இளைஞர் ஒருவர் பத்து நிமிடத்தில் மாற்றிக் கொடுக்கலாம். திருத்தும்போது எழுத்துப்பிழையைத் திருத்துங்கள், அவருடைய வட்டார வழக்கைத் திருத்தாதீர்கள்.

சண்டை வரும். வராது என்று நினைத்து விதியே எழுதாமல் விடுவது பெரும் தவறு. சாதி, கோயில் முதல்மரியாதை, உள்ளாட்சித் தேர்தல், நிலத்தகராறு ஆகிய நான்கில் ஒன்றில்தான் ஊர்க்குழுக்கள் பெரும்பாலும் உடைகின்றன. எவரையும் சாதி சொல்லி இழிவுபடுத்தும் வரி வெளிவராது, ஒருவர் மீது குற்றச்சாட்டு என்றால் ஆவணமும் அவருடைய பதிலும் வேண்டும், சர்ச்சைக்குரியதை வெளியிடும் முன் இருவர் படிக்க வேண்டும் என்று அரைப்பக்கம் எழுதி, எல்லாரும் ஒப்புக்கொண்ட பிறகு தொடங்குங்கள். அவதூறு, பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 356-ஆம் பிரிவின்படி இன்றும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். எழுதியவரோடு வெளியிட்டவர் பெயரும் வழக்கில் சேரலாம்.

புனைபெயரில் எழுத விரும்பும் பெண்களைப் பற்றியும் அந்த விதியில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். ‘நம்ம ஊர்ப் பெண்தான்’ என்று யாரோ பெருமையாகச் சொன்ன ஒரு சொல், அவர் வீட்டில் எழுத்தையே நிறுத்திவிடும். பெயரை வெளியிடும் உரிமை அவருக்கு மட்டுமே உரியது. கூட்டத்தில் படம் எடுத்தாலும் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

ஒருங்கிணைப்புக்காக வாட்ஸ்அப் குழு தொடங்குவார்கள். தவறில்லை. ஆனால் கட்டுரைக்கு வர வேண்டிய பதில்கள் எல்லாம் அங்கே போய்விடும். ‘அந்த மதகு 1977 வெள்ளத்தில் உடைந்தது, நான் பார்த்தேன்’ என்று ஒரு பெரியவர் குரல் செய்தி அனுப்புவார், நாலு பேர் கைகூப்புவார்கள், மறுநாள் காலை வணக்கப் படங்களின் கீழே அது புதைந்துவிடும். இப்படிப்பட்டதைக் கண்டால் அவரிடம் கேட்டு, கட்டுரையின் அடியில் அவர் பெயரோடு சேர்ப்பதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

கடைசியாக உரிமை. தளத்தில் வந்த கட்டுரை எழுதியவருக்கே சொந்தம். குழுவை விட்டு விலகினால் அவர் தன் கட்டுரைகளை எடுத்துப் போகலாம் என்பதை முதலிலேயே எழுதிவையுங்கள். நூலாகத் தொகுப்பதாக இருந்தால் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். 2013-இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் குழுவினர் வலைப்பதிவுகளை மின்னூல்களாக்கும்போது, மற்றவர்கள் பகிர அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட ஆசிரியரின் இசைவைப் பெற்றே செய்கிறார்கள். மின்னஞ்சலில் இரண்டு வரி போதும்: எந்தக் கட்டுரை, எந்த உரிமத்தில், யார் பெயரில். மின்னஞ்சல் இல்லாத பெரியவரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிப் படமெடுத்து, படி எடுத்து வைக்கும் கோப்புகளோடு சேர்த்துவிடுங்கள்.