ஆங்கிலப் பத்திரத்தில் ‘பொசஷன்’ என்று இருந்தால்

ஓசூர்ப் பக்கம் மனையோ அடுக்குமாடி வீடோ வாங்குபவர்கள், ஆங்கில ஆவணத்தில் ‘பொசஷன்’ என்ற சொல்லைக் கண்டால் அதைச் சுவாதீனம் என்றே படித்துக்கொண்டு, உரிமையை மாற்றித் தரும் வாசகம் தனியாக எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். பேச்சு ஆங்கிலத்தில் அது சொந்தப் பொருளைக் குறித்தாலும், சட்டத்தில் சொத்து யார் கைவசம் இருக்கிறது என்பதையே சொல்கிறது. வாடகைக்குக் குடியிருப்பவரிடமும் அது உண்டு. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம், 54ஆம் பிரிவின்படி, 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு, நிலத்தின் விற்பனை பதிவு செய்த பத்திரத்தால்தான் நிறைவேறும் என்பதால், பொசஷன் லெட்டரும் (சொத்தை ஒப்படைத்ததாகத் தரும் கடிதம்) சாவியும் கைக்கு வந்துவிட்டதாலேயே ஒருவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. ‘பொசஷன்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘வேக்கன்ட்’ என்று சேர்ந்திருந்தால் காலி செய்து ஒப்படைப்பதாகப் பொருள். கிருஷ்ணகிரி மாந்தோப்பு என்றால், மகசூலை யாருக்காவது விட்ட குத்தகை இன்னும் நடப்பில் உள்ளதா என்பதையும் கேட்டுவிடுவது நல்லது.

வாரிசுரிமையாக வரும் சொத்துக்குக் கிரயப் பத்திரம் தேவையில்லை. ‘அட்வர்ஸ் பொசஷன்’ என்பதும் விதிவிலக்கே: உரிமையாளருக்கு எதிராக வெளிப்படையாகவும் இடைவிடாமலும் 12 ஆண்டுகள், அரசு நிலமானால் 30 ஆண்டுகள், அனுபவித்தவர் அந்தச் சுவாதீனத்தைக் கொண்டே உரிமை கோர முடியும்.