பேர் இல்லாத குண்டச்சு: அடையாளம் காண்பதும் மீட்பதும்

ஆடம்ஸ்டவுன் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், துருப்பிடித்த குறடுகளும் உடைந்த ஸ்பேனர்களும் கிடந்த ஒரு தகரப் பெட்டிக்குள் அதைப் பார்த்தேன். ஒரு சாண் நீளம்கூட இல்லை. இரண்டு கைப்பிடி, நடுவில் ஒரு ரிவெட், நுனியில் தடித்த இரண்டு உதடுகள். கொட்டை உடைப்பான் என்றார் விற்றவர். 15 டாலர் கொடுத்து வாங்கி வந்தால், என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "எதுக்குங்க இன்னொரு பாக்குவெட்டி?" என்றாள். விற்றவர் சொன்னதைவிட இது நெருக்கம்.

ஈயக் குண்டு வார்க்கும் அச்சு அது. உதடுகளை மூடினால் உள்ளே உருண்டைக் குழி, மேலே ஈயம் ஊற்ற ஒரு சின்ன வாய். வார்த்த குண்டின் தலையில் நீட்டிக்கொண்டு நிற்கும் காம்பை நறுக்க, ரிவெட்டை ஒட்டிக் கைப்பிடிகளுக்கு நடுவே பாக்குவெட்டி மாதிரியே ஒரு வெட்டுவாய். பேர், ஊர், எண் எதுவும் கண்ணில் படவில்லை.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் 31 வருஷம் டூல் ரூமில் அச்சுகளோடு மல்லுக்கட்டியவன். இப்போது பென்சில்வேனியாவில், லங்காஸ்டர் பக்கம், மகள் வீட்டில் இருக்கிறேன். என்னிடம் துப்பாக்கி கிடையாது, குண்டு வார்ப்பதும் இல்லை. அச்சுப் பைத்தியம் மட்டும் விடவில்லை.

இந்த வட்டாரத்தில் பேர் இல்லாத அச்சு கிடைப்பதற்குக் காரணம் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் நீளத் துப்பாக்கி செய்த கொல்லர்கள் லங்காஸ்டரில் நிறைய இருந்தார்கள். ஜேக்கப் டிக்கர்ட் அவர்களில் பேர்போனவர். குழாயைக் கையால் துளைத்த காலம். ஒரு துப்பாக்கியின் துளை இன்னொன்றோடு அச்சு அசலாகப் பொருந்தாது. அதனால் துப்பாக்கி வாங்கியவனுக்கு அதன் துளைக்கேற்ற அச்சையும் சேர்த்தே கொடுத்தார்கள். தோளில் தொங்கும் பையில் கிடந்ததால் அதற்குப் பை அச்சு என்று பேர். துப்பாக்கியில் பேர் வெட்டிய கொல்லரும் இதில் வெட்ட மெனக்கெடவில்லை. ஆகவே முத்திரை இல்லை என்பதால் மட்டும் அதைப் போலி என்று தள்ளாதீர்கள்.

கையில் கிடைத்ததும் முதலில் செய்ய வேண்டியது, சுத்தம் செய்யாமல் இருப்பது. கை துறுதுறுக்கும், அடக்குங்கள். இருட்டறையில் டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில், இரும்போடு படுத்தமாதிரி பிடித்துத் திருப்பிப் பாருங்கள். கைப்பிடியின் உட்பக்கம், ரிவெட்டைச் சுற்றி, காம்பு வெட்டும் தகடு தனியாக இருந்தால் அதன் அடிப்பக்கம்: 'பேர் இல்லை' என்று விற்கப்பட்டவற்றில் பாதிக்கு எனக்கு இங்கேதான் ஏதாவது கிடைத்திருக்கிறது. பள்ளத்தில் வெள்ளைப் பொடி தேய்த்தால் எழுத்து எழும்பும். சாக்பீஸ் பொடி வேண்டும். அன்று வீட்டில் இருந்தது விபூதிதான். தேய்த்ததும் உட்கைப்பிடியில் ஒரு 5 தெளிவாக வந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்தது 3-ஆ 8-ஆ என்று எவ்வளவு திருப்பியும் சொல்ல முடியவில்லை. அதை அப்படியே குறித்துக்கொண்டேன்.

அடுத்து எதில் செய்தது என்று பாருங்கள். மாக்கல் போன்ற மெத்தென்ற கல்லில் குடைந்ததென்றால் குடியேற்றக் காலத்ததாக இருக்க வாய்ப்புண்டு. அதைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், உலர்ந்த துணியோடு நிறுத்துங்கள். கத்தரி மாதிரி அடித்துச் செய்த இரும்பு என்றால் பை அச்சு. இரும்புக் கட்டையும் மரக் கைப்பிடியும், மேலே திருகில் சுழலும் தகடும் இருந்தால் அது தொழிற்சாலைச் சரக்கு. ஜான் பார்லோ 1884-ல் நியூ ஹேவனில் தொடங்கிய ஐடியல் கம்பெனி இந்த வகையில் முன்னோடி. 1925-ல் அது லைமன் கம்பெனி கைக்குப் போனது. அவர்கள் அச்சில் 311284 போல ஆறு இலக்க எண் இருந்தால் முதல் மூன்றும் குண்டின் விட்டம், அங்குலத்தில் ஆயிரத்தில் 311 பங்கு. மீதி மூன்றும் குழி வெட்டிய கருவியின் எண். அலுமினியக் கட்டை என்றால் பழம்பொருள் ஆசையை விட்டுவிடுங்கள், அது நம் காலத்துச் சரக்கு.

பித்தளையில்தான் ஏமாறுவது அதிகம். ஒரு குழி உருண்டை, பக்கத்துக் குழி கூம்பு என்று இருந்தால் அது கோல்ட் (Colt) கம்பெனி பாணி ரிவால்வர் அச்சு. 1851 நேவி, 1860 ஆர்மி மாடல்களோடு போனவை அந்த வகை. ஆனால் 1950-களின் கடைசியிலிருந்து இத்தாலியில் அந்த ரிவால்வர்களின் நகல்கள் வர ஆரம்பித்தன. கூடவே நகல் அச்சுகளும் வந்தன. பேர் இல்லாத பளபளப் பித்தளை இரட்டைக் குழி அச்சை யாராவது அமெரிக்க உள்நாட்டுப் போர் காலத்தது என்று நீட்டினால், விலை பேசுவதற்கு முன்னால் லென்ஸை எடுங்கள்.

லென்ஸில் பார்க்க வேண்டியது குழியின் சுவர். கையால் வெட்டிய குழியை 'செர்ரி' என்ற உருண்டைக் கருவியால் குடைவார்கள். செர்ரிப் பழம் மாதிரி தலையும் அதில் பற்களும் இருக்கும். இரண்டு உதடுகளுக்கும் நடுவே அதை வைத்துச் சுழற்றிக்கொண்டே அச்சை இறுக்கிக்கொண்டு வந்தால் இரண்டு பாதியும் ஒரே மூச்சில் குடையப்படும். அதனால் ஊற்றும் வாயை மையமாக வைத்து மெல்லிய வளையங்கள் சுவரில் ஓடும், ஒரு பாதியில் உள்ள வளையம் மறுபாதியில் தொடரும். வார்ப்பிலேயே குழி வந்திருந்தால் சுவர் மணல் மணலாக இருக்கும். இணைப்பு முகத்தில் காற்றுப் போக மெல்லிய கோடுகள் இழுத்திருந்தால் பிந்தைய காலத்து வேலை என்று எடுத்துக்கொள்ளலாம். குழியின் பக்கச் சுவரில் மெழுகு நிற்கும் வரிகள் இருந்தால், அது கூம்பு முனைக் குண்டுகளின் காலம். அடிப்பாகம் குழிந்த மினியே குண்டு அச்சு என்றால் மூன்றாவதாக ஒரு அடைப்பு முளை இருக்க வேண்டும். சந்தையில் முளை தொலைந்த அச்சுதான் கிடைக்கும்.

இனி அளவு. வெர்னியரைக் குழிக்குள் விட்டு அளப்பதை நம்பாதீர்கள். அச்சு மூடியிருக்கும்போது என்ன அளவோ அதுதான் கணக்கு. நான் செர்ரோசேஃப் என்ற உலோகக் கலவையைப் பயன்படுத்துகிறேன். அது 70-லிருந்து 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகும், கொதிநீருக்குள் சின்னக் கிண்ணம் வைத்தாலே போதும். அடுப்புத் தீயை நேராகக் காட்டாதீர்கள். அதில் ஈயமும் காட்மியமும் இருக்கிறது, சூடு ஏறினால் வரும் புகை உடம்புக்கு ஆகாது. சமையலறையும் சமையல் பாத்திரமும் வேண்டாம், வெளியே வைத்துச் செய்யுங்கள். குழியில் ஒரு சொட்டு எண்ணெயைத் துடைத்தமாதிரி தடவி, அச்சை வெந்நீர்ச் சூட்டுக்குக் கொண்டுவந்து, மூடிப் பிடித்து ஊற்றுங்கள். ஆறியதும் முதலில் சுருங்கும், பிறகு விரியும், சுமார் ஒரு மணி நேரத்தில் குழியின் உண்மை அளவுக்கு வந்து நிற்கும். அந்த நேரத்தில் மைக்ரோமீட்டரை வையுங்கள். மறந்துபோய் ஒரு வாரம் கழித்து அளந்தால் அளவு கூடியிருக்கும்.

இரண்டு திசையில் அளக்க வேண்டும்: இணைப்புக் கோட்டின் நீளவாக்கில் ஒன்று, அதற்குக் குறுக்கே ஒன்று. குறுக்களவு கூடுதல் என்றால் அச்சு முழுதாக மூடவில்லை, எங்கோ அழுக்கோ பிசிறோ தடுக்கிறது. குறுக்களவு குறைவு என்றால் யாரோ ஒரு புண்ணியவான் முகத்தை அரம் போட்டிருக்கிறார். என்னுடையது கோட்டோடு 11.30 மில்லிமீட்டர், குறுக்கே 11.34.

இப்போது அந்த 53-ஆ 58-ஆ விவகாரம். பழைய கணக்கில் குண்டின் அளவைச் சொல்வது ஒரு பவுண்டு ஈயத்துக்கு எத்தனை குண்டு என்றுதான். நம் ஊரில் 12 போர் துப்பாக்கி என்கிறோமே, அதுவும் அதே கணக்கு: பவுண்டுக்கு 12 உருண்டை வருகிற அளவுத் துளை, ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். சுத்த ஈய உருண்டையின் எடை வேண்டுமானால் மில்லிமீட்டர் விட்டத்தை அதே விட்டத்தால் இருமுறை பெருக்கி, வருவதை 0.00594-ஆல் பெருக்குங்கள், கிராமில் வரும். 11.30-க்கு 8.57 கிராம். ஒரு பவுண்டு 453.6 கிராம், வகுத்தால் 53. அதுவே 58 என்றால் விட்டம் 11 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்திருக்க வேண்டும். கால் இன்ச் உயரமுள்ள எழுத்தில் கண்ணால் முடியாததைக் குழி சொல்லிவிட்டது. குண்டைத் துணிப் பட்டியில் சுற்றி இறக்குவார்கள், ஆகவே துப்பாக்கித் துளை இதைவிடச் சற்றுப் பெரிது: ஏறக்குறைய 0.45 அங்குலம்.

இதற்கெல்லாம் பிறகுதான் சுத்தம். என் முதல் அச்சை நான் கெடுத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பாதிக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. டூல் ரூம் புத்தி சும்மா இருக்குமா? துல்லியச் சமதளமான சர்ஃபேஸ் பிளேட்டில் 400 எமெரித் தாள் ஒட்டி இரண்டு முகத்தையும் தேய்த்தேன். மயிரிழை தெரியாமல் மூடியது, மார்தட்டிக்கொண்டேன். அளந்து பார்த்தால் உருண்டை முட்டையாகி இருந்தது, குறுக்கே 0.2 மில்லிமீட்டர் காலி. நூறு வருஷத் துரு செய்யாததை அரை மணி நேரத்தில் நான் செய்திருந்தேன். அதிலிருந்து குழியையும் இணைப்பு முகத்தையும் எமெரியோ அரமோ தொடுவதில்லை.

வேலைக்கு உட்காரும்போது நைட்ரைல் கையுறை போடுங்கள். குழியிலும் வாயிலும் வெள்ளையாகப் படிந்திருப்பது ஈயம் பூத்த பொடியாக இருக்கலாம். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துப் பறக்கவிடாமல் எண்ணெய்த் துணியால் ஈரமாகத் துடையுங்கள். என் பேரனுக்கு ஐந்து வயது; அவன் பள்ளிக்கூடம் போன பிறகுதான் பெட்டியைத் திறப்பேன். ஒட்டிய ஈயத்தைக் கரைக்க வினிகரும் பெராக்சைடும் கலக்கச் சொல்வார்கள், வேண்டாம். உண்டாகும் உப்பு கொடிய நஞ்சு, தண்ணீரில் கரைந்து எங்கும் ஒட்டும். சீவிய மூங்கில் குச்சியால் நெம்பினால் இரும்பிலிருந்து ஈயம் பெரும்பாலும் பெயர்ந்து வரும், இரும்போடு அது பிடித்துக்கொள்வதில்லை.

இறுகிய ரிவெட்டைப் பலம் போட்டுத் திறக்காதீர்கள், பழைய கைப்பிடி பட்டென்று ஒடியும். அசிட்டோனும் கியர் பாக்ஸில் ஊற்றும் ஏடிஎஃப் எண்ணெயும் சரிபாதி கலந்து, தீ இல்லாத இடத்தில் இரண்டு சொட்டு விட்டு, மூன்று நாள் மறந்துவிடுங்கள். இன்னொரு அச்சில் எனக்கு நான்காம் நாள் காலையில் அசைந்தது. செந்துருவுக்கு எவாப்போரஸ்ட் மாதிரி அமிலம் இல்லாத திரவம் போதும். சில மணிக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள், சிவப்பு போனதும் நிறுத்துங்கள். அடியில் இருக்கும் காப்பிக்கொட்டை நிறம் துரு அல்ல, அதுதான் வயசு. மீதியை எண்ணெயும் நான்கு சைபர் (0000) ரக எஃகுப் பஞ்சும் பார்த்துக்கொள்ளும். பித்தளை என்றால் புளி, எலுமிச்சம்பழம், பிராஸோ மூன்றும் தள்ளி இருக்கட்டும். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு மாதிரி மின்னினால் விலை பாதியாகும்.

என் அச்சின் அந்த 0.04 எங்கே என்று பார்க்க ஒரு முகத்தில் புரூஷியன் ப்ளூ என்ற நீலப் பசையை மெழுகி மூடினேன். மறுமுகத்தில் நீலம் பட்டது ஒரே இடத்தில்தான், உதட்டின் ஓரத்தில் எள்ளளவு. எப்போதோ கல்லில் விழுந்து எழும்பிய பிசிறு. அந்த எள்ளை மட்டும் ஆர்க்கன்சாஸ் தீட்டுக்கல்லின் முனையால் நாலு இழுப்பு இழுத்துத் துடைத்து, மறுபடி நீலம் வைத்துப் பார்த்தேன். மூன்றாம் தடவையில் முகம் முழுக்கப் பரவியது, குறுக்களவும் 11.30-க்கு வந்தது. ரிவெட் ஆடியதால் இரண்டு பாதிகளுக்கும் இருந்த விலகலில், தாள் ஒன்றை நடுவில் செருகி ரிவெட் தலையைச் சின்னச் சுத்தியால் தட்டியதில் கொஞ்சம் குறைந்தது. இன்னும் 0.1 இருக்கிறது, அது கொல்லரே விட்டதாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மழுங்கிய வெட்டுவாயையும் தீட்டவில்லை.

மேலே ரெனைசன்ஸ் மெழுகு ஒரு பூச்சு. மரக் கைப்பிடி இருந்தால் ஆளிவிதை எண்ணெய் தடவலாம். தடவிய துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும், விரித்துக் காயவிடுங்கள்.

ஊருக்குக் கொண்டுபோய் ஷோகேஸில் வைக்கலாமே என்று கேட்கிறார்கள். பயணப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தில் தோட்டா, குண்டு வகைகளைக் குறிக்கும் 'அம்யூனிஷன்' என்பதற்கான விளக்கத்துக்குள் அதைத் தயாரிக்கும் சாதனமும் வருகிறது. இங்கே சந்தையில் 15 டாலர் சாமான், அங்கே விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டிய சாமான்.

கைப்பிடியில் ஒரு அட்டை கட்டியிருக்கிறேன்: ஆடம்ஸ்டவுன், 15 டாலர், 11.30, பவுண்டுக்கு 53. பின்பக்கத்தில் 'உதட்டுப் பிசிறு எடுத்ததும் ரிவெட் தட்டியதும் நான்' என்று எழுதி, தேதி போட்டேன்.