உருளைக்கிழங்கு வறுவல் கூழாகிறதா? அவசர ராத்திரிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது மணி ஏழரை. குக்கரில் சோறு வைத்தாயிற்று, காலையில் வைத்த ரசம் இருக்கிறது, தொட்டுக்கொள்ளத்தான் ஒன்றும் இல்லை. கூடையில் கையை விட்டால் உருளைக்கிழங்கு. வாரத்தில் இரண்டு நாளாவது எங்கள் வீட்டில் வறுவல் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. பக்குவம் தெரிந்தால் 20 நிமிட வேலை. பல வருடம் எனக்கு அதற்கு 40 நிமிடம் ஆனது. அத்தனை நேரம் நின்றும் தட்டில் விழுவது பாதி கூழ், பாதி காந்தல்.

இதற்கெல்லாம் காரணம் பெரும்பாலும் ஒன்றே ஒன்று: தண்ணீர். உருளைக்கிழங்கில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர்தான். மேல்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. வரும் சூடெல்லாம் அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே போய்விடும். கிழங்கு நன்றாகச் சிவக்க 140 டிகிரிக்கு மேல் போக வேண்டும். ஆக, அடுப்பைக் கூட்டுவதைவிட ஈரத்தைக் குறைப்பதுதான் வேலையைச் சீக்கிரம் முடிக்கும். கீழே சொல்லும் தவறுகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு விதத்தில் ஈரத்தைச் சேர்ப்பவைதான்.

முதல் தவறு, நறுக்கிய கிழங்கைத் தண்ணீரிலிருந்து அள்ளி அப்படியே எண்ணெயில் போடுவது. கழுவுவது அவசியம். நறுக்கும்போது வெளியே வரும் மாவுச்சத்துதான் துண்டுகளை ஒன்றோடு ஒன்று ஒட்டவைக்கிறது, அடியும் பிடிக்கிறது. பாத்திரத்தில் தண்ணீர் பால் மாதிரி கலங்கும், பார்த்திருப்பீர்கள். அது தெளியும்வரை இரண்டு தடவை அலசுங்கள். அப்புறம் ஒரு பருத்தித் துண்டில் பரப்பி, மூட்டையாகச் சுருட்டி, இரண்டு கையாலும் அழுத்தித் துடையுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. இந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்தால் வாணலியில் ஐந்து நிமிடம் கூடுதலாக நிற்க வேண்டிவரும், எண்ணெயும் கையில் தெறிக்கும்.

நறுக்குவதிலும் கவனம் வேண்டும். அவசரத்தில் ஒரு துண்டு பெரிதாக, ஒரு துண்டு சீவல் மாதிரி விழும். சின்னது கருகும் நேரத்தில் பெரியது உள்ளே நறநறவென்று இருக்கும். ஒரு சென்டிமீட்டர் சதுரம் போதும், சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது.

அடுத்தது வாணலியை நிரப்புவது. என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நான்கு பேருக்கு அரைக் கிலோ கிழங்கு என்று வைத்துக்கொள்வோம். அதை ரசம் தாளிக்கிற சின்னச் சட்டியில் குவித்தால் அடியில் உள்ளது மட்டும் எண்ணெயைத் தொடும். மேலே உள்ளது கீழிருந்து வரும் ஆவியில் வெந்துகொண்டிருக்கும். அது வறுவல் ஆகாது, அவியல் பதம்தான் வரும். வாயகன்ற இரும்பு வாணலியோ, தோசைக்கல்லோ எடுங்கள். துண்டுகள் ஒரே அடுக்காக, அதிகம் போனால் ஒன்றரை அடுக்காகப் பரவ வேண்டும். இரும்பு நல்லது, ஏனென்றால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிழங்கைக் கொட்டியதும் ஆறிப்போகாது. எவர்சில்வர் சட்டிதான் இருக்கிறது என்றால் முதலில் சட்டியைக் காயவிட்டு, பிறகு எண்ணெய் ஊற்றி, அதுவும் காய்ந்தபின் கிழங்கைப் போடுங்கள். ஒட்டுவது பெருமளவு குறையும்.

எண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம். அரைக் கிலோவுக்கு மூன்று மேசைக்கரண்டி கடலை எண்ணெய் வேண்டும். ஒரு கரண்டியில் முடிக்கப் பார்த்தால் ஒட்டும், ஒட்டினால் தண்ணீர் தெளிக்கத் தோன்றும், தெளித்தால் கதை முடிந்தது.

இப்போது கரண்டியைப் பற்றி. என் மாமியார் வறுவல் செய்யும்போது கிழங்கைப் போட்டுவிட்டு அடுப்பங்கரையை விட்டே போய்விடுவார். "கிண்டினா அது எப்பிடிம்மா செவக்கும்? அதைக் கொஞ்ச நேரம் சும்மா விடு" என்பார். அதில் இருக்கும் நியாயம் எனக்குப் புரிய நாளாயிற்று. ஒரு பக்கம் சிவந்து பொருக்குத் தட்டினால்தான் துண்டு சட்டியை விட்டுத் தானாகக் கழன்று வரும். அதற்கு முன் தோசைத் திருப்பியை விட்டுக் கிளறினால் சிவக்க ஆரம்பித்த தோல் சட்டியிலேயே தங்கிவிடும், துண்டு உடையும். போட்டதும் ஒருமுறை எண்ணெயில் புரட்டிவிட்டு, மூன்று நிமிடம் தொடாமல் இருங்கள். அப்புறமும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, அடியிலிருந்து வழித்துத் திருப்பினால் போதும்.

எப்போது திருப்புவது என்பதைக் காதே சொல்லிவிடும். கிழங்கு விழுந்ததும் மழை பெய்வது மாதிரி ஒரு பெரிய சத்தம் வரும். அது தண்ணீர் வெளியேறும் சத்தம். நேரம் போகப் போக அது தணிந்து, இடையிடையே "சட், சட்" என்று வெடிக்கும் சத்தமாக மாறும். வாசனையும் அதோடு மாறும், பச்சை வாடை போய் வேர்க்கடலை வறுத்தது போன்ற மணம் வரும். ரசத்தைச் சூடு பண்ணிக்கொண்டே இந்தச் சத்தத்துக்குக் காது கொடுக்கலாம்.

மூடி போடலாமா? பச்சைக் கிழங்கு என்றால் முதல் நான்கைந்து நிமிடம் போடலாம், உள்ளே வேகும். அப்புறம் மூடியை எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது அதில் கோத்திருக்கும் நீர் வாணலியில் விழாமல் பக்கவாட்டில் சாய்த்து எடுங்கள். கடைசிவரை மூடியே வைத்தால் சிவக்காது.

உப்பையும் மிளகாய்த்தூளையும் ஆரம்பத்திலேயே போடுவது நம்மில் பலருக்குப் பழக்கம். உப்பு கிழங்கிலிருந்து நீரை வெளியே இழுக்கும். மிளகாய்த்தூள் காய்ந்த எண்ணெயில் சில விநாடியிலேயே கருகும். நிறம் கறுத்து, ஒரு கசப்பு ஏறும், வீடெல்லாம் இருமல். மஞ்சள்தூளை முதலில் போடுங்கள், முக்கால்வாசி சிவந்தபின் உப்பு. தீயைக் குறைத்துக் கடைசி இரண்டு மூன்று நிமிடத்தில் மிளகாய்த்தூளோ சாம்பார் பொடியோ. அதோடு ஒரு தேக்கரண்டி அரிசி மாவைத் தூவினால் மிச்சமிருக்கும் ஈரத்தை அது வாங்கிக்கொண்டு மொறுமொறுப்பாக்கும். நசுக்கிய பூண்டும் கடைசியில்தான். புளிப்புக்கு ஏதாவது சேர்ப்பதாக இருந்தால் கிழங்கு முழுதாக வெந்தபிறகு மட்டும். புளியோ தக்காளியோ முன்னாலேயே சேர்ந்துவிட்டால் கிழங்கு லேசில் வேகாது. புளிக்குழம்பில் போட்ட கிழங்கு அரைமணி கொதித்தும் கடக்கென்று இருந்ததுண்டா? அதே காரணம்தான்.

இத்தனை கவனமாகச் செய்தும் சில நாள் வறுவல் வேகும் முன்னே கறுக்கும், சாப்பிட்டால் இனிக்கும். அது உங்கள் தவறே இல்லை, கிழங்கு அப்படி. ஆக்ரா பக்கம் பிப்ரவரி, மார்ச்சில் தோண்டும் கிழங்கைக் குளிர்பதனக் கிடங்கில் போட்டு வருடக் கடைசிவரை விற்கிறார்கள். குளிரில் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், அந்தச் சர்க்கரைதான் எண்ணெயில் சீக்கிரம் கறுக்கிறது. நம் வீட்டு ஃப்ரிட்ஜில் பச்சைக் கிழங்கை வைத்தாலும் இதேதான் நடக்கும். கிழங்குக்கு இடம் காற்றோட்டமான, வெளிச்சம் படாத கூடை. வெளிச்சம் பட்டால் பச்சை பாயும். அந்தப் பகுதியை ஆழமாகச் சீவி எறிய வேண்டும், வேகவைத்தாலும் அதன் நஞ்சு போகாது. மேட்டுப்பாளையம் மண்டி வழியாக வரும் ஊட்டிக் கிழங்கு கிடைத்தால் விலை கொஞ்சம் கூடினாலும் வாங்கிவிடுவேன். இனிப்புக் கிழங்கு மாட்டிக்கொண்டால் அதைப் பூரி மசாலுக்கு ஒதுக்கிவிடுவது உத்தமம்.

ஆனால் வேகவைத்த கிழங்குக்கு ஃப்ரிட்ஜ் நல்ல இடம். காலையில் பருப்பு வேகும்போதே முழுக் கிழங்கைத் தோலோடு குக்கரில் வைத்து, உள்ளே லேசாகக் கடினம் இருக்கும்போதே எடுத்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெளியே மேடையில் விட்டுப் போகக்கூடாது, நம் ஊர் வெயிலுக்குச் சாயங்காலத்துக்குள் ஊசிப்போகும். குளிரில் வெந்த மாவுச்சத்து இறுகிக்கொள்வதால் ராத்திரி தோலை உரித்து நறுக்கும்போது கத்திக்கு ஒட்டாமல் கட்டியாக வரும், கிளறினாலும் உடையாது. இந்தக் கிழங்கு 10 நிமிடத்தில் சிவந்துவிடும். சுடச்சுட வெந்ததை உடனே உரித்து நறுக்கி வறுப்பவர்களுக்குத்தான் அது பொடிமாஸ் ஆகிவிடுகிறது.

கடைசியாக, வறுவலை இறக்கியதும் ஹாட்பாக்ஸில் போட்டு மூடாதீர்கள். வீட்டில் ஒருவர் வர ஒன்பது மணி ஆகும் என்றால் வாணலியிலேயே, மூடாமல், அடுப்பின் ஓரத்தில் விடுங்கள். அவர் கை கால் கழுவிவிட்டு வருவதற்குள் இரண்டு நிமிடம் பெரிய தீயில் புரட்டினால் மொறுமொறுப்பு திரும்பிவிடும்.